கடைசி வாங்கில் ஒரு பேராசிரியர்

முதலில் ஒரு விடுகதை. பிள்ளைக்குச் சொந்தமானது. அம்மா எடுப்பார், அப்பா எடுப்பார், சேரும் மிஸ்சும் எடுப்பார்கள். கொழும்பிலிருக்கும் சித்தப்பாகூட டெலிபோனிலேயே எடுப்பார். சொந்தக்காரப் பிள்ளை எடுத்தால் மட்டும் வீட்டில் சண்டை வரும். அது என்ன? விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போடவில்லை. ஆகவே பத்திரிகையைத் திருப்பிப் பிடிக்க வேண்டாம். நேராகவே வாசியுங்கள், வந்துவிடும்.

சிறுவர் பக்கம் நடத்துவது என்பது, பெரியவர்கள் பெரிய சொல்லால் குழப்பிவிட்டதைச் சின்னச் சொல்லால் துடைத்து எடுக்கும் தொழில். மாத்தளை நகரத்தில் இருந்துகொண்டு ஒரு வாரப் பத்திரிகைக்காக இதைத்தான் நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். பக்கத்தில் என் பெயர் ‘அக்கா’. தொடக்கத்தில் எனக்கு எழுதிய பிள்ளைகளின் பிள்ளைகளும் இன்று ‘அன்புள்ள அக்கா’ என்றுதான் எழுதுகிறார்கள். இதை மாற்றும்படி சொல்ல ஆசிரியர் பீடத்தில் எவருக்கும் துணிவு வரவில்லை.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் வியர்த்து, சுற்றறிக்கை விளங்காமல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, அவருக்கும் விளங்கவில்லை என்று கண்டு ஆறுதலடைந்தவர்களுக்காகவே இந்தத் துணுக்குகளை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

பரிசு கிடைக்காத விடை

மேலே சொன்ன விடுகதையை ஒரு முறை என் பக்கத்தில் போட்டேன். வந்த விடைகளில் பெரும்பாலானவை ‘அழிறப்பர்’. என் அழிறப்பரை எடுக்காத ஆளே வகுப்பில் இல்லை என்று ஆளுக்கொரு சோகக் கதையும் எழுதியிருந்தார்கள். சித்தப்பா டெலிபோனில் எப்படி அழிறப்பர் எடுப்பார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தம்புள்ளைப் பிள்ளை ஒன்று ‘லீவு’ என்று எழுதியிருந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு டெலிபோன் வந்தது. உக்குவளை அருள்மேரி பேசுவதாகச் சொன்னார். பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். உக்குவளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராகி, மூன்று மொழிகளிலும் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். விடை ‘முடிவு’தானே என்று கேட்டார். ஆமாம், ஆனால் கலர் பென்சில் பெட்டி பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றேன். சிரித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்பதை யார் யாரோ முடிவு செய்வதைப் பற்றித்தான் அவர் பல வருடங்களாக ஆராய்ந்து, தடித்த புத்தகம் ஒன்றும் எழுதியிருந்தாராம். பரீட்சகர்களைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லையாம். டெலிபோனை வைக்கும்முன் சொன்னார்:

“நான் ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னத நீங்க நாலு வரியில போட்டுட்டீங்க அக்கா. எனக்கு உங்க மேல கோபம்தான் வருது.”

கடைசி வாங்கு

அந்தக் கோபம் எனக்கு ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. அவர் பார்ப்பதை நான் சின்னச் சொல்லில் எழுத வேண்டும். முதலில் நாங்கள் போனது யட்டவத்தைக்கு மேலே, இறப்பர் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலைக்கு. நீளமான ஒரே மண்டபம். அலுமாரிகளைக் குறுக்கே வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். ஆய்வு என்றதும் கேள்வித்தாளோடு நடந்து திரிவார் என்று நினைத்தேன். பேராசிரியரோ ஆறாம் வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். காலை மணியிலிருந்து கடைசி மணி வரை உட்கார்ந்தே இருந்தார். கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் எழுதினார். தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றார். முன்னால் நின்று பார்த்தால் வகுப்பு நடப்பது தெரியும், கடைசி வாங்கில் இருந்தால்தான் வகுப்பு நடக்காதது தெரியும் என்றார். எனக்கு இடுப்பு வலித்தது. பலா மரத்தடிக்குப் போய்விட்டேன். அவர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு மனுஷிக்கு இவ்வளவு பொறுமை இருக்க முடியுமா என்று நான் வாயைப் பிளந்தது அங்கேதான்.

பக்கத்தில் ஜெனிட்டா என்ற பிள்ளை இருந்தது. தாய் செல்வி தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர். தகப்பன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத்தான் வீட்டுக்கு வருவார். மூக்குக் கண்ணாடி போட்ட இந்தப் பெரிய மனுஷி பின்னக் கணக்கைக் கூர்ந்து பார்த்து எழுதுவதை ஜெனிட்டா கவனித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் தன் அழிறப்பரை மெல்ல அவர் பக்கம் தள்ளிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்:

“மிஸ், நீங்க ஆறாம் வகுப்புல பெயிலா?”

தெரியாது

அறிக்கை எழுதினார், கொடுத்தார். அமைச்சர் மாறினார். மறுபடி எழுதினார், கொடுத்தார். மறுபடியும் அமைச்சர் மாறினார். கடைசியில் மாத்தளை மாவட்டத்தில் தேர்தலில் நிற்கும்படி ஒரு புதிய கட்சி வந்து கேட்டபோது, எழுதிக் கொடுத்து யாரும் வாசிக்கவில்லை, நானே போய் வாசித்துக் காட்டுகிறேன் என்று சம்மதித்தார். துண்டுப் பிரசுரம் எழுத என்னையும் இழுத்துக்கொண்டார். அதனால் நானும் பிரசார வேனில் ஏறினேன்.

வேட்பாளர் என்றால் எதைக் கேட்டாலும் ‘செய்து தருகிறேன்’ என்று சொல்ல வேண்டும் அல்லவா? இவருக்கு அந்தப் பழக்கமே வரவில்லை. தம்புள்ளைச் சந்தையில் லொறிகளுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தார். தோளில் போஞ்சி மூட்டையோடு ஒருவர் நின்று கேட்டார். ஜெனிட்டாவின் தகப்பன் அந்தோனி. மூட்டையை இறக்கவும் இல்லை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்தால் என்ன படிக்கலாம் என்று கேட்டார். டாக்டர், என்ஜினியர் என்று ஏதாவது சொன்னால் கைதட்டலாம் என்று கட்சிக்காரர்கள் கையைத் தயாராக வைத்திருந்தார்கள். பேராசிரியர் யோசித்துவிட்டு, எனக்குத் தெரியாது, அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றார். கட்சிக்காரர்கள் கையைப் பையில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்துக் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த நியாஸ் நானா, மாத்தளைக்காரர், தராசை விட்டுவிட்டு வந்து பேராசிரியரை மேலும் கீழும் பார்த்தார்.

“தெரியாதுன்னு சொல்லி வோட்டுக் கேக்குற ஆள நான் இன்னைக்குத்தான் காண்றேன் மிஸ். ஒருக்கா போட்டுப் பாப்போமே.”

எல்லாருக்கும் விளங்கிவிட்டால்

நியாஸ் நானாவைப் போலப் பலரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வென்றார், பிரதிக் கல்வி அமைச்சரும் ஆனார். சீர்திருத்தச் சுற்றறிக்கையைத் தமிழில் சரிபார்க்க என்னைக் கொழும்புக்கு அழைத்தார். மொழிபெயர்ப்பில் வந்திருந்த முதல் வாக்கியம் ஒரு பக்கம் நீளம். வினைச்சொல்லைத் தேடி மறுபக்கம் போக வேண்டியிருந்தது. என் பக்கத்தில் நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு: எழுதியதைச் சத்தமாக வாசி, மூச்சு முட்டும் இடத்தில் வெட்டு. பேராசிரியர் அதை அமைச்சுக்கே சட்டமாக்கிவிட்டார். பெரிய அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முதலாம் வகுப்பைப் போல ஒவ்வொருவராக வாசித்தார்கள். மூச்சு முட்டியது, வெட்டினோம்.

கடைசியில் இரண்டு விதிகள் மிஞ்சின. ஒன்று: ஒன்பதாம் வகுப்பு முடிவில் விருப்பப் பாடத்தைப் பிள்ளையே தெரிவு செய்யும்; எதை எடுப்பது என்று பெரியவர் எவரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இரண்டு: பத்துப் பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் ஒரு பாடத்துக்கு ஆசிரியரும் உபகரணமும் கிடைக்கும். இரண்டாவதையும் அவர்தான் எழுதினார். ஒரு பாடசாலையில் மூன்றே பிள்ளைகள் படிக்கும் கணினி அறை பெரும்பாலும் பூட்டிக் கிடந்ததையும், பக்கத்துப் பாடசாலையில் வகுப்பு முழுவதும் ஒரு கணினியைச் சுற்றி நின்றதையும் கடைசி வாங்கில் இருந்து பார்த்தவர் அவர். இரண்டும் நல்ல விதிகள். இரண்டும் ஒரே வாசலில் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும் என்று எங்கள் இருவருக்கும் அன்று தோன்றவில்லை. நிறையப் படித்தவர்களால்தான் இப்படி ஒரு தவறைச் செய்ய முடியும். வெட்டி முடித்த சுற்றறிக்கை ஒரே தாளுக்குள் அடங்கிவிட்டது. அதைக் கையில் வாங்கிய மூத்த அதிகாரி ஒருவர் கலவரத்தோடு சொன்னார்:

“இப்படி எழுதினா எல்லாருக்கும் விளங்கிருமே மேடம். அப்புறம் எங்கள வந்து கேப்பாங்களே.”

பொலிஸ் மாமா

பதவி வந்த பிறகும் அவர் கடைசி வாங்கை விடவில்லை. ஆனால் இப்போது கூடவே ஒரு பொலிஸ்காரர் இருந்தார். அமைச்சரை விட்டு விலகக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. ஆகவே யட்டவத்தைப் பாடசாலையில் பேராசிரியர் இரண்டாம் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்தபோது, அந்தச் சிங்கள இளைஞரும் முழங்கால் முகத்தில் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்தார். தமிழ் தெரியாது. ஆசிரியை எல்லோரையும் போல அவருக்கும் ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டார். சும்மா இருக்க முடியாமல் அவரும் எழுதினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். மறுமுறை வந்தபோது யாரும் சொல்லாமலே சிலேட்டுக்குக் கை நீட்டினார். அமைச்சர் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கவனமெல்லாம் பொலிஸ்காரர் மேல்தான். மணி அடித்ததும் ஒரு சின்னப் பெண் பேராசிரியரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“இந்த மாமா பாவம் மிஸ். ‘ழ’ போட்டுப் போட்டு கை வலிக்குது அவருக்கு, வீட்டுக்கு அனுப்பிருங்க.”

ஒரு பிள்ளை குறைவு

தெரிவு நாள் நெருங்கும்போது அந்தப் பாடசாலை அதிபர் சவரிமுத்து சேர் டெலிபோன் எடுத்தார். ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் கணினி வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் நடனம், சித்திரம், மனைப்பொருளியல், விவசாயம் என்று ஏற்கெனவே ஆசிரியர் இருக்கும் பாடங்களைச் சொல்லிவிட்டார்கள். வாய் திறக்காமல் இருப்பது ஒரே ஒரு பிள்ளை, ஜெனிட்டா. அவள் கணினியில் சேர்ந்தால் பத்து. சேராவிட்டால் அந்த ஒன்பது பேருக்கும் கணினி இல்லை. கணினிப் பெட்டிகள் மாத்தளையில் வந்து இறங்கிவிட்டன, பிரிக்கத்தான் வேண்டும்.

விதி விதிதான், ஆனால் விதியை யாரும் ஜெனிட்டாவின் பக்கத்தில் போக விடவில்லை. தாய் கெஞ்சினார். தகப்பன் தம்புள்ளையிலிருந்து தினமும் டெலிபோனில் பேசினார். ஞாயிறு பிரசங்கத்தில் சுவாமியார் கணினி யுகம் பற்றிப் பேசினார். பேசும்போது பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையையே பார்த்தார். அந்த ஒன்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு புது அழிறப்பர் வாங்கி அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாளாம். ஆம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சவரிமுத்து சேர் நல்ல மனிதர். தனக்காக எதுவும் கேட்டவர் இல்லை. அவள் உங்களை மதிக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பேராசிரியரிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னிடம் கேட்டிருந்தால் நான் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பேராசிரியர் சொன்னார்:

“நான் சொல்லி அவ உக்காந்தா, அந்தக் கதிரையில இருக்கிறது நான்தான் சேர். அவ இல்ல.”

மேசைகள்

தெரிவு நாளன்று காலையில் பேராசிரியரோடு நானும் போனேன். வழியில் கேட்டேன், பத்து என்பதை ஒன்பது என்று மாற்றிவிட்டால் என்ன என்று. மாற்ற வேண்டி வந்தால் மாற்றத்தான் போகிறேன் என்றார். தான் எழுதியதைத் தானே அழிக்கிறார் என்று பாராளுமன்றத்தில் சிரிப்பார்கள். தோட்டப் பிள்ளைகளுக்குத் தெரிவு எதற்கு என்று தொடக்கத்திலிருந்தே கேட்டவர்கள் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள். முதலாவது விதியையும் சேர்த்துத் தூக்கச் சொல்வார்கள். ஆனால் இன்றைய தெரிவுக்கு முன்னால் மாற்றினால் அது அந்தப் பிள்ளையின் மேல் நம்பிக்கை இல்லாமல் மாற்றியதாகும் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்கும் அவள் கணினி எடுக்க வேண்டும் என்று ஆசைதான், அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார்.

தெரிவு செய்யும் முறை இதுதான். மண்டபத்தில் பாடத்துக்கு ஒரு மேசை. மேசையில் அந்தப் பாடத்தின் பொருள் ஒன்று. கணினிக்கு விசைப்பலகை, நடனத்துக்குச் சலங்கை, சித்திரத்துக்குத் தூரிகை, மனைப்பொருளியலுக்குத் தையல் ஊசியும் நூலும், விவசாயத்துக்குப் பொலித்தீன் பையில் ஒரு மிளகுக் கன்று. பிள்ளை தனியாக உள்ளே வந்து எந்த மேசையில் உட்காருகிறதோ, அதுவே அதன் பாடம். பெற்றோர் வாசல் படலைக்கு வெளியே நிற்க வேண்டும்.

படலையில் ஜெனிட்டாவின் தாய் செல்வி பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நாங்க மண்ணுல கெடந்தது போதும் மிஸ். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா” என்றார். பேராசிரியர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல நினைத்ததெல்லாம் முகத்தில் வந்து வந்து போனது. கையை விட்டுவிட்டு உள்ளே வந்து, மண்டபத்தின் கடைசி வாங்கில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒரு நாட்டின் அமைச்சர், தன் முகத்தில் இருக்கும் ஆசை ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, தண்டனை வாங்கிய மாணவி போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு காலம் பிள்ளைகளுக்காக எழுதியும் என்னிடம் இல்லாத மரியாதை அது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கணினி மேசையில் ஒன்பது கதிரை நிறைந்தது; பத்தாவது காலியாக இருந்தது. கடைசியாக ஜெனிட்டா வந்தாள். மேசைகளைப் பார்த்தாள். பிறகு நேராகக் கடைசி வாங்குக்குப் போய், பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்று, தன் இடத்தில் அவர் இருந்தால் எந்தப் பாடம் எடுப்பார் என்று கேட்டாள். சவரிமுத்து சேர் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் திரும்பவில்லை.

“நான் ஆறாம் வகுப்புல பெயிலான ஆள் புள்ள. என்னக் கேக்காத.”

ஜெனிட்டா சிரித்தாள். படலைக்கு வெளியே ஒரு தாயும், தம்புள்ளையில் மூட்டையை இறக்கிவைத்து டெலிபோனைக் காதில் வைத்திருந்த ஒரு தகப்பனும், பிரிக்காத பெட்டிகளும், இரண்டு நல்ல விதிகளும், கல்விச் சீர்திருத்தம் முழுவதும் அந்த ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் நின்றன.

ஜெனிட்டா விவசாய மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.